உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையா, நெட்டையா?

கேட்டவர் சென்னையில் வேலை பார்க்கும் 28 வயதுப் பெண். ஆறு மாதமாக சனி, ஞாயிறுகளில் கோவளம் கடற்கரையில் அலைச்சறுக்கு கற்றுவருகிறார். கறுத்துப்போய்விட்டாள் என்று அம்மா கவலைப்படுகிறார். நம்ம தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்கிறார்கள் நண்பர்கள். இதற்கு நடுவில் ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வேறு வந்திருக்கிறது. "வெயிலில் போகலாமா, கூடாதா? சன்ஸ்கிரீன் நமக்குத் தேவையா?" என்பது அவர் கேள்வி.

போங்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல வருடமாகத் தோல் மருத்துவம் பார்க்கிறேன். கடலில் இறங்கி, அலையில் எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவரைத் தோலுக்குப் பயந்து வீட்டுக்குள் உட்காரச் சொல்ல எனக்கு மனம் வராது, அதற்கு அவசியமும் இல்லை. எந்த வெயில், எவ்வளவு நேரம், எதைப் போட்டுக்கொண்டு என்று தெரிந்தால் போதும்.

நாம் எல்லோரும் வெயிலைச் சூட்டை வைத்து அளக்கிறோம். சுள்ளென்று அடித்தால் கடுமையான வெயில், காற்று வீசினால் இதமான வெயில். தோலைக் கெடுப்பது அந்தச் சூடு அல்ல. சூடாக நாம் உணர்வது அகச்சிவப்புக் கதிர். தோலில் வேலை செய்வது பெரும்பாலும் புற ஊதாக் கதிர். அது கண்ணுக்குத் தெரியாது, பட்டாலும் உறைக்காது. எரிச்சல் தெரிய ஆரம்பிக்கும்போது சில மணி நேரம் கடந்திருக்கும். உச்சிவெயிலில் மயங்கி விழுவது சூட்டால் வரும் ஆபத்து, அதற்குத் தண்ணீரும் நிழலும் ஓய்வும் வேண்டும். கன்னத்தில் மங்கு என்னும் கருந்திட்டு விழுவதும் கழுத்து கறுப்பதும் வேறு கணக்கு.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? செல்பேசியில் வானிலை பார்க்கும் செயலிகள் பலவற்றில் யூவி இண்டெக்ஸ் என்று, புற ஊதாக் கதிரின் கடுமையைச் சொல்லும் ஓர் எண் இருக்கும். 1992-ல் கனடாவில் தொடங்கிய முறை, இப்போது உலகம் முழுக்க இருக்கிறது. 3 முதல் பாதுகாப்பு தேவை, 8 முதல் மிகக் கடுமை, 11 முதல் உச்சம். சென்னையில் தெளிவான வானமுள்ள நண்பகலில் வருடத்தின் பெரும்பகுதி அது இரட்டை இலக்கத்தை ஒட்டித்தான் இருக்கும். செல்பேசி கையில் இல்லாவிட்டால் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் சூரியன் தாழ்வாக இருக்கிறது, கதிர் நிறையக் காற்றைத் துளைத்து வர வேண்டும், வழியிலேயே பெரும்பகுதி வடிகட்டப்பட்டுவிடும். நிழல் உங்களைவிடக் குட்டையாகிவிட்டால் சூரியன் 45 பாகைக்கு மேலே ஏறிவிட்டது என்று பொருள். அப்போதிலிருந்து கவனம் வேண்டும்.

சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. மே மாதத்தில் காலை 9 மணிக்கெல்லாம் நிழல் நம் உயரத்துக்குச் சுருங்கிவிடும். மறுபடி நம் உயரத்தை எட்ட பிற்பகல் 3 தாண்ட வேண்டும். டிசம்பரில் 10.20 வாக்கில் சுருங்கி 2 மணிக்குள் நீண்டுவிடும். மார்கழிக் குளிரிலும் நண்பகலில் ஐந்தரை அடி ஆளுக்கு நாலடி நிழல்தான். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் வெயிலைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கலாம். நமக்கு அப்படி ஒரு மாதமே கிடையாது.

இன்னொன்று பாருங்கள். நாம் அஞ்சுவது அக்னி நட்சத்திரத்துக்கு, அதாவது மே மாதத்துக்கு. ஆனால் சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி இன்னொரு முறை. நிழலில்லா நாள் என்று பள்ளிப் பிள்ளைகள் கம்பு நட்டுப் பார்ப்பார்களே, அந்த நாட்கள். ஆவணி பிறக்கும் சமயம் அது. மாலையில் மழை பெய்யும், சூடு தணிந்திருக்கும், யாரும் குடை எடுக்க மாட்டார்கள். மேகமில்லாத நேரத்தில் புற ஊதாக் கதிர் சித்திரைக்குச் சளைக்காமல் இறங்கிக்கொண்டிருக்கும். மேகம் இருந்தாலும் மெல்லிய மேகத்தை 80 சதவீதம் வரை ஊடுருவி வந்துவிடும். மலையில் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் 10 சதவீதத்துக்குக் குறையாமல் கூடும். ஊட்டிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போய் மூக்கும் கன்னமும் கறுத்துத் திரும்புகிறவர்கள் குளிர்க் காற்றைத் திட்டுகிறார்கள். காரணம் பெரும்பாலும் வெயில்தான்.

கடல் இதைவிட ஏமாற்றும். காற்று குளிர்ச்சியாக இருக்கும், தண்ணீர் உடம்பைத் தணித்துக்கொண்டே இருக்கும், நேரம் போவது தெரியாது. உலர்ந்த மணல் 15 சதவீதம் கதிரையும், அலை நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கும். அரை மீட்டர் ஆழத்தில்கூட மேற்பரப்பில் இருப்பதில் 40 சதவீதம் இருக்கும். பலகையில் குப்புறப் படுத்துக் கையால் துடுப்புப் போடும்போது உங்கள் முதுகும் கெண்டைக்காலும் பின்கழுத்தும் வானத்தைப் பார்த்துத்தான் கிடக்கின்றன. அதனால் முதல் வேலை, வகுப்பை ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எட்டரை, ஒன்பதுக்குள் கரையேறிவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

சரி, இனி நண்பர்கள் சொன்னதற்கு வருவோம். அதில் உண்மை இருக்கிறது. தோலின் மேலடுக்குச் செல்களில் மெலனின் என்ற நிறமியின் துகள்கள் உட்கருவுக்கு மேலே, வெயில் வரும் பக்கமாகக் கூடி நின்று குடை பிடிக்கின்றன. உள்ளே இருக்கும் மரபுப்பொருள் சேதமாகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. நல்ல கருந்தோலுக்கு இயல்பாகவே எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீன் எவ்வளவு காக்கும் என்று சொல்லும் எண்) 13 அளவுக்குப் பாதுகாப்பு உண்டு என்று அளந்திருக்கிறார்கள். வெள்ளைத் தோலுக்கு அது 3 சொச்சம். மாநிறம் இரண்டுக்கும் நடுவில். இதனால்தான் வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மிடம் அரிது. இணையத்தில் நீங்கள் படிக்கும் பயமுறுத்தல்கள் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, அமெரிக்காவில் உள்ள வெள்ளைத் தோல்காரர்களுக்காக எழுதப்பட்டவை. அங்கே அந்தப் பயம் நியாயமானது. நம்மூரில் அந்த அளவு எச்சரிக்கை தேவைப்படுகிறவர்கள் பிறவியிலேயே நிறமி இல்லாதவர்கள். அவர்களுக்கு ஒரு நாள் வெயில்கூட விளையாட்டல்ல. வெண்புள்ளி உள்ளவர்களும் அந்த இடங்களை மூடிக்கொள்ள வேண்டும், அங்கே குடை பிடிக்க ஆளில்லை.

கருந்தோலில் வரும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகக்கண் என்று வெயில் படாத இடத்தில் வருகிறது. ஜமைக்கா பாடகர் பாப் மார்லி 1981-ல் இறந்தது கால்விரலில் தொடங்கிய அப்படி ஒரு கட்டியால்தான். அதற்கு சன்ஸ்கிரீன் உதவாது. நகத்தில் புதிதாக ஒரு கருங்கோடு அகலமாகிக்கொண்டே போனாலோ, பாதத்தில் ஒரு கரும்புள்ளி வளர்ந்தாலோ காட்டிவிட வேண்டும்.

ஆனால் புற்றுநோய் அரிது என்பதால் ஒன்றுமே ஆகாது என்று இல்லை. நம் தோல் வெயிலுக்குக் காட்டும் எதிர்ப்பு நிறமாக வருகிறது. மங்கு, பருத் தழும்பு ஆறாமல் கருமையாகவே நிற்பது, நெற்றியும் கழுத்தும் திட்டுத்திட்டாக ஆவது, நாற்பதில் தோல் தடித்துச் சுருங்குவது எல்லாம் இந்த வகை. கண்ணுக்குத் தெரிகிற சாதாரண ஒளியே மாநிறம், கருநிறத் தோல்களில் நிறமியைத் தூண்டுகிறது. வெள்ளைத் தோலில் அந்த அளவுக்கு இது நடப்பதில்லை, அதனால் வெளிநாட்டு ஆலோசனைகளில் இதைப் பற்றிக் கொஞ்சம்தான் இருக்கும். "நான் வெளியிலேயே போவதில்லையே டாக்டர், எனக்கு ஏன் மங்கு?" என்று கேட்கும் பெண்களிடம் அவர்கள் தினமும் உட்காரும் ஜன்னலைப் பற்றித்தான் நான் முதலில் விசாரிப்பேன். புற ஊதாக் கதிரில் பி வகையைக் கண்ணாடி தடுத்துவிடும், ஏ வகை ஊடுருவி வரும். அமெரிக்காவில் 28 வருடம் லாரி ஓட்டிய ஒருவரின் படம் 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் மட்டும் இருபது வயது கூடினாற்போல் சுருங்கிப்போயிருந்தது. நம் ஓட்டுநர்களுக்கு அது வலது கை, வலது கன்னம்.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை. கறுப்பது நோயல்ல. கறுத்துப்போன பெண்ணுக்கு என்ன ஆகுமோ என்ற கவலையை நான் மதிக்கிறேன், ஆனால் அது தோலைப் பற்றிய கவலை அல்ல. உங்கள் மகளின் கை கால் கறுத்திருப்பது மெலனின் தன் வேலையைச் செய்ததன் அடையாளம். வெயில் குறைந்தால் சில வாரங்களில், சில மாதங்களில் பழைய நிறத்துக்குத் திரும்பும். பேஷியலும் டீ-டான் பேக்கும் அதைவிட வேகமாக எதையும் செய்துவிடாது. நான் கவலைப்படுவது திட்டாக விழுந்து போகாமல் நிற்கும் மங்குக்கும், கண்ணுக்கும், வருடக்கணக்கில் சேரும் சேதத்துக்கும்தான்.

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் கிரீமை நினைக்கிறார்கள். நான் சட்டையைச் சொல்வேன். வயலிலும் நூறு நாள் வேலையிலும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள், சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. எந்த டியூபும் அந்தச் சட்டைக்கு ஈடாகாது, ஏனென்றால் சட்டை இரண்டு மணி நேரத்தில் வியர்வையோடு வழிந்து போவதில்லை. ஆஸ்திரேலியாவில் 1981-ல் தொடங்கிய பிரசாரத்திலும் முதலில் வருவது சட்டை, அப்புறம்தான் கிரீம், தொப்பி. நெருக்கமாக நெய்த, அடர் நிறத் துணி நல்லது. மெல்லிய வெள்ளைப் பருத்தி குறைவாகத்தான் தடுக்கும், நனைந்துவிட்டால் இன்னும் மோசம். ஆகவே பழைய வெள்ளை டீ-ஷர்ட்டோடு கடலில் இறங்காதீர்கள். நீச்சல், அலைச்சறுக்குக்கென்றே விற்கும் முழுக்கை லைக்ரா சட்டையும் முழங்காலுக்குக் கீழே வரும் கால்சட்டையும் வாங்குங்கள். செலவு ஒருமுறைதான். கரையில் நிற்கும்போது தாத்தா காலத்துக் கருப்புக் குடை இன்றைக்கும் அருமையான கருவி. நல்ல கருப்புக் குடை நேராக வரும் கதிரில் 90 சதவீதம் வரை தடுக்கும். மணலிலிருந்து எகிறி வருவதை மட்டும் தடுக்காது.

துணி மூடாத இடத்துக்குத்தான் சன்ஸ்கிரீன். முகம், காது, பின்கழுத்து, கைப்புறம், பாதத்தின் மேல்பக்கம், தலை வகிடு, உதடு. உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில், ஆமாம், கடலுக்குப் போகும் உங்களுக்குத் தேவை. எஸ்பிஎஃப் 30 என்றால் பி வகைக் கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக 100 என்று எழுதிய விலை உயர்ந்த டியூபைத் தேட வேண்டாம். ஏ வகைக் கதிருக்குத் தனியாகப் பார்க்க வேண்டும், பிஏ என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கும். மூன்றோ நான்கோ இருக்கட்டும்.

எல்லோரும் தவறுவது அளவில். சோதனைக்கூடத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். நாம் பூசுவது பெரும்பாலும் அதில் பாதிகூட இல்லை. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி முதல் அடி வரை நீளமாகப் பிதுக்கினால் வருவதுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளைக்கு வேண்டிய அளவு. அதே கணக்கில் உடம்பு முழுக்கப் பூச 30 கிராமுக்கு மேல் ஆகும், 50 கிராம் டியூப் இரண்டாவது முறைக்கு வராது. சட்டையைச் சொன்னதற்குக் காரணம் இதுவும்தான். தண்ணீரில் இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூசுங்கள். தண்ணீரில் நிற்கும் வகை என்றாலும் 40 அல்லது 80 நிமிடத்துக்குத்தான் உத்தரவாதம், எது என்று உறையில் இருக்கும். துவட்டியதும் மறுபடி பூச வேண்டும்.

துத்தநாக ஆக்சைடு உள்ளவை நம் நிறத்தில் சாம்பல் பூசினாற்போல் தெரியும். கடலில் அதைப் பற்றி என்ன கவலை, தாராளமாகப் பூசுங்கள். மங்கு உள்ளவர்கள், அல்லது வீட்டில் அம்மாவுக்கு மங்கு உள்ளவர்கள், தோல் நிறத்திலேயே வரும் வகையை வாங்கலாம். அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடு, நான் மேலே சொன்ன சாதாரண ஒளியையும் ஓரளவு தடுக்கும், சாம்பல் பூத்தாற்போலவும் தெரியாது. முகப்பரு வருகிறவர்கள் ஜெல் வகையாகப் பார்த்து வாங்கினால் வியர்வையோடு அடைத்துக்கொள்ளாது. அலுவலகம், வீடு என்று இருக்கும் வார நாட்களில் மங்கு இல்லாதவர்கள் கிரீமை நினைத்து நினைத்துக் கவலைப்பட வேண்டாம். ஸ்கூட்டரில் போகும்போது துப்பட்டாவும் முழுக்கை உறையும் போதும்.

இப்போது வைட்டமின் டி. காலை இளவெயிலில் நின்றால் கிடைக்கும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். மனதுக்கும் தூக்கத்துக்கும் இளவெயில் நல்லது, ஆனால் வைட்டமின் டிக்குத் தேவையான பி வகைக் கதிர் அப்போது அநேகமாக இல்லை. நமக்குப் பக்கத்திலேயே, கிட்டத்தட்ட அதே அட்சத்தில் இருக்கும் திருப்பதியில் அளந்து பார்த்தார்கள். காலை 11 முதல் 2 வரையிலான வெயிலில்தான் அது நன்றாக உற்பத்தியாகிறது. நிழல் குட்டையாக இருக்கும் நேரம்! தோலைக் கெடுக்கும் நேரமும் எலும்புக்கு உதவும் நேரமும் ஒன்றாக இருக்கிறதே என்றால், உடம்பைப் பிரித்துக்கொள்வதுதான் வழி. முகமும் கழுத்தும் மூடியிருக்கட்டும், அங்கேதான் மங்கும் சுருக்கமும் வரும். முன்கையும் கெண்டைக்காலும் வாரத்தில் மூன்று நான்கு நாள், மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு இருபது முப்பது நிமிடம் திறந்திருக்கட்டும். வெள்ளைத் தோலுக்குப் பத்து நிமிடம் போதும் என்று படித்திருப்பீர்கள், மெலனின் அதிகமுள்ள தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்றால் கிடைக்காது.

உங்களுக்கு அளவு குறைவாக வந்திருப்பதால் மருத்துவர் மாத்திரை எழுதியிருக்கலாம், அதைச் சாப்பிடுங்கள். 60,000 யூனிட் மாத்திரை வாரத்துக்கு ஒன்றுதான். அதைத் தினமும் சாப்பிட்டு, கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகக் கோளாறுமாக வந்தவர்கள் உண்டு. எத்தனை வாரம் என்று கேட்டு, முடிந்ததும் நிறுத்துங்கள்.

வீட்டு வைத்தியத்தில் ஒன்றைப் பற்றி மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எலுமிச்சம்பழச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். அந்தச் சாற்றில் இருக்கும் ஒரு வேதிப்பொருள் ஏ வகைக் கதிர் பட்டதும் தோலைச் சுட்டுவிடும். இரண்டொரு நாளில் சிவந்து கொப்புளமாகி, பிறகு வழிந்த சாற்றின் தடம் அப்படியே கருங்கோடாக மாதக்கணக்கில் நிற்கும். கருமை போகத் தேய்த்ததே கருமையாகிவிடும். கடற்கரையில் எலுமிச்சை பிழிந்து ஏதாவது சாப்பிட்டால்கூடக் கையைக் கழுவிவிடுங்கள். கடையில் கேட்டு வாங்கும் வெள்ளையாக்கும் கிரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் மாதம் பளபளப்பாகும். அப்புறம் தோல் மெலிந்து, நரம்போடி, வெயிலில் நின்றாலே எரியும். மருத்துவர் எழுதாமல் அந்த டியூப் வேண்டவே வேண்டாம்.

கண்ணையும் சொல்ல வேண்டும். வெண்விழியின் ஓரத்திலிருந்து கருவிழி மேல் சதை வளர்வதற்கு வருடக்கணக்கான வெயில் ஒரு முக்கியக் காரணம். ஆங்கிலத்தில் அதற்கு அலைச்சறுக்குக்காரர் கண் என்றே ஒரு பெயர் உண்டு. தூத்துக்குடி உப்பளங்களில், வெள்ளை உப்பு கண்ணைப் பறிக்கும் இடத்தில், வேலை செய்கிறவர்களுக்கும் மீனவர்களுக்கும் இதே ஆபத்து. அவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடியும் நிழற்பந்தலும் கொடுப்பது வேலை கொடுக்கிறவர்களின் கடமை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நீங்கள் கரையில் இருக்கும்போது யூவி 400 என்று போட்ட கண்ணாடி அணியுங்கள். அது இல்லாத வெறும் கறுப்புக் கண்ணாடி பாவையை விரித்து, கதிரை இன்னும் உள்ளே விடும்.

வெயிலில் போன ஒவ்வொரு முறையும் முன்கையிலும் கழுத்திலும் சின்னச் சின்னத் தடிப்பாக அரித்தால் அது வெயில் ஒவ்வாமை, மருந்து இருக்கிறது. அதோடு மூட்டுவலி, வாய்ப்புண், இரண்டு கன்னத்திலும் சிவப்பு என்று சேர்ந்து வந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள், அது லூபஸ் என்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோயாக இருக்கலாம். பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறீர்களா? ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு போலவே அதுவும் வெயிலில் தோலை எளிதாகச் சுட்டுவிடும். மாத்திரை முடியும் வரை கடலைத் தள்ளி வைக்கலாம், அல்லது விடியற்காலையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒருநாள் நேரம் போனது தெரியாமல் தோள் சிவந்து எரிந்தால், குளிர்ந்த தண்ணீர்த் துணியைப் போடுங்கள், ஐஸ் வேண்டாம். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள், அது முழுக்க ஆறும் வரை அந்த இடத்தில் வெயில் படவேண்டாம். மற்ற நாட்களில் கரையேறியதும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிவிட்டு, ஈரம் முழுக்கக் காயும் முன் கை காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கடலுக்கு இறங்கும் முன் தடவினால் அது வெயிலைத் தடுக்காது, பலகையில் கால் வழுக்கும்.